பல்லி சார் முடிக்காத வாக்கியம்

கொரிய மொழி நமக்குச் சுலபம் என்று முதலில் சொன்னவர் எங்கள் டீச்சர். எங்கள் கொரியக் கம்பெனியின் கேன்டீனில் சாப்பாட்டு மேசைகளைத் துடைத்துவிட்டு அங்கேயே வகுப்பு நடக்கும். ஷிப்ட் முடிந்து கண் சொருக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, "உங்க பாஷையில வினைச்சொல் கடைசியில வருது. அவங்க பாஷையிலயும் கடைசியிலதான் வருது. அப்புறம் எதுக்கு இந்தத் திருட்டு முழி?" என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. 'கா' என்றால் போ. அதற்குப் பின்னால் வால் ஒட்டிக்கொண்டே போனால் மொழி வந்துவிடும். காசொ என்றால் போய். காம்யொன், போனால். காதோ, போனாலும். காஜிமான், போகிறேன் ஆனால். மற்றவர்கள் எல்லாம் பட்டியலை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் ஒவ்வொரு வாலையும் தமிழ் வாலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஒட்டியது. நம் ஆள் யாருமே இல்லாத ஊரில், தெரிந்த நடையில் ஒருவர் தெருமுனையில் போவதைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

காரணம் சொல்ல மட்டும் அவர்களிடம் இரண்டு வால். ஒன்று 'சொ'. அது சாதுவானது. மழை பெய்து தரை நனைந்தது என்று நாம் சொல்கிற மாதிரி, யாரையும் நோகடிக்காமல் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகும். அதற்குப் பிறகு கட்டளை போட முடியாது. கட்டளை போட வேண்டுமானால் 'நிக்கா' வேண்டும். நேரமில்லை, அதனால் சீக்கிரம் செய் என்று அதட்டுகிற 'அதனால்' அது. டீச்சர் இதை விளக்கியதும் பின்வரிசையில் ஒருவர், "அதான் நம்ம ஃப்ளோர்ல ஒரு நாளும் 'சொ' காதுல விழல" என்றார். கேன்டீனே சிரித்தது.

ஏனென்றால் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் எங்கள் பிரஸ் பகுதிக்குப் பொறுப்பான கொரிய அதிகாரி வாயைத் திறந்தால் நிக்காதான், அதற்கு அடுத்த சொல் பல்லி. அவர்கள் மொழியில் பல்லி என்றால் சீக்கிரம். பல்லி, பல்லி என்று கத்திக் கத்தியே அவருக்குப் பல்லி சார் என்று பெயர் நிலைத்துவிட்டது. நிஜப் பல்லியாவது சுவரோடு போகும், இது நம் தலைமேல் ஏறும் என்பார் என் அண்ணன். தொழிலாளிகளிடம் அவர் மரியாதை வால் எதுவும் ஒட்டிப் பேச மாட்டார். 'ஹெ' என்பார். செய். அவ்வளவுதான்.

வகுப்பில் டீச்சருக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. முன்பாதியை அவர் சொல்வார், இணைப்பு வரைக்கும். சொல்லிவிட்டு விரலை யார் பக்கம் நீட்டுகிறாரோ அவர் அடுத்த மூச்சுக்குள் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். மழை பெய்தாலும்? வேலைக்கு வந்தேன். பசிக்கிறது, ஆனால்? வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடுவேன். தயங்கினால் தொலைந்தோம். "சோத்தைப் பிசைஞ்சு வச்சிட்டு எந்திரிச்சுப் போவியா? வால் ஒட்டினா வாக்கியத்தை முடி!" என்று காய்ச்சி எடுத்துவிடுவார்.

இந்தப் பயிற்சியில் ஒருத்தியை யாரும் அசைக்க முடியாது. எல்லாத் தேர்விலும் அவளே முதல் என்பதால் அவளை முதல்மார்க் என்றே கூப்பிட்டோம். டீச்சரின் விரல் வேறு யார் பக்கம் போனாலும் பதில் அவளிடமிருந்து வந்துவிடும். அவள் வாக்கியங்களில் யாருக்குத் தலைவலி வந்தாலும் லீவு போட மாட்டார்கள். மேலதிகாரிகள் எச்சரிப்பார்கள், தொழிலாளிகள் நன்றி சொல்வார்கள். நான் 'தலை வலித்தாலும் கேட்பார் யாரும் இல்லை' என்று முடிப்பேன். டீச்சர் சிரித்துக்கொண்டே மார்க்கைக் குறைப்பார்.

மொழிபெயர்ப்பாளர் வேலை வந்தபோது அது அவளுக்குப் போனது. ஏ.சி. அறை, கழுத்தில் தனி நிற அட்டை. நான் ஆய்வு மேசையிலேயே நின்று தகட்டில் கீறல் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நானே நம்ப மாட்டேன். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. பின்னால் அதுதான் என் காலை வாரியது.

ஆனால் ஆய்வு மேசை எனக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது. கொரியர்கள் வாக்கியத்தை முடிப்பதில்லை. 'நுந்தே' என்று ஒரு வால் இருக்கிறது. இருக்கு, ஆனா... தெரியும், ஆனா... என்று இழுக்கிற வால். அதை ஒட்டிவிட்டுப் பேசாமல் நின்றுவிடுவார்கள். தகட்டைத் தூக்கிப் பார்த்து, "கீறல் இருக்கே..." என்று இழுத்துவிட்டுப் போவார்கள். மீதியை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டில் மட்டும் என்ன? "உங்க அண்ணன் நல்லவர்தான், ஆனா..." என்று அண்ணி நிறுத்தினால் அதற்குள் ஒரு வருஷத்துச் சண்டை இருக்கும். அந்த மௌனத்தில் கை வைக்கக்கூடாது. அதை முடிக்கிற உரிமை சொன்னவருக்கு மட்டும்தான். இது டீச்சரின் பாடத்தில் வரவில்லை.

அண்ணன் பிரஸ் ஆபரேட்டர். என்னை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நான் மொழிபெயர்ப்பாளர் ஆகாததில் என்னைவிட அவருக்குத்தான் வருத்தம். "எங்க பாப்பாவுக்கு அவங்க தும்மினாக்கூட அர்த்தம் தெரியும்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். "சும்மா இருண்ணே, மானம் போகுது" என்பேன். கேட்க மாட்டார்.

அவருடைய மெஷினில் அவருக்குத் துணையாக இருந்தவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். டீ இடைவேளையில் தள்ளுவண்டியில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்குவார். வேலையில் சுறுசுறுப்புதான். அன்று மெஷினின் உள்ளே ஒரு தகடு சிக்கிக்கொண்டது. தூங்குமூஞ்சி பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து, இடுப்பு வரை உள்ளே குனிந்து அதை இழுத்தார். முன்பக்கம் நின்ற அண்ணனுக்கு அவர் தெரியவில்லை. பல்லி சார் ஓடி வந்து பல்லி, பல்லி என்று கத்தினார். தகடு விழுகிற சத்தம் கேட்டது. வேலை முடிந்து அவர் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்து அண்ணன் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானையும் அழுத்தினார்.

பின்கதவு திறந்திருந்தால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அந்த மெஷின் ஓடக்கூடாது. அதற்காகத்தான் கதவில் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மெஷின் ஓடியது. நான் ஆய்வு மேசையிலிருந்து ஓடிப் போனபோது எல்லா மெஷினையும் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கூரைக்குக் கீழே அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணன் கைகளை எடுக்காமல் பொத்தான்களின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

மறுநாள் பார்த்தால் அந்தக் கதவில் புத்தம் புது சுவிட்ச். ஒரு தூசு இல்லை. பராமரிப்புப் பிரிவில் கேட்டால், எப்பவும் இருந்ததுதான் என்று சாதித்தார்கள். பக்கத்து மெஷின்காரர்களுக்குப் பல்லி சார் கத்தியது காதில் விழவில்லையாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஃப்ளோர் முழுக்கச் செவிடாகிவிட்டது. அவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

வீட்டில் அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். போலீஸ், கேஸ், ஜெயில் என்று அண்ணி அழுதபோதெல்லாம் அவருக்கு அது உறைக்கவே இல்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"கதவு தொறந்திருந்தா ஓடாதே பாப்பா. எப்படி ஓடுச்சு?"

"சுவிட்ச் கெட்டுப்போயிருக்கும்ணே. அதைத்தான் ராவோட ராவா மாத்திட்டாங்க."

"கெட்டுப்போயிருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்கணுமே. தெரிஞ்சா சொல்லியிருப்பாங்கள்ல?"

"சாப்பிட்டுட்டு யோசிங்க" என்று அண்ணி தட்டை நகர்த்தினாள். அவர் கையை நீட்டவில்லை. சுவிட்ச் கெட்டது என்று தெரிந்த ஒருவர் அதை வாய்விட்டுச் சொன்னால் அண்ணன் மனுஷனாக எழுந்திருப்பார். இல்லையென்றால், தன் கூட்டாளியைத் தன் கையாலேயே கொன்றவன் என்று நினைத்தே செத்துப்போவார். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்த அந்த ஒருவர் பல்லி சார்தான் என்பதும் தெரிந்தது. அந்தப் பக்கம் எது கெட்டாலும் தகவல் முதலில் அவரிடம்தான் போகும்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேல்மாடிப் பயிற்சி அறையில் மேசைகளைச் சதுரமாகப் போட்டிருந்தார்கள். அண்ணனுக்குத் துணையாக வீட்டார் ஒருவர் உட்காரலாம் என்றதால் நான் உள்ளே போனேன். சுவர் ஓரத்தில் தூங்குமூஞ்சியின் மனைவி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. எதிரே கம்பெனி மேனேஜர், பல்லி சார், இருவருக்கும் நடுவில் முதல்மார்க்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர் இப்படிச் சொல்கிறார் என்று சொல்ல மாட்டார்கள். நான் என்றே பேசுவார்கள். பல்லி சாரின் 'நான்' முதல்மார்க்கின் மெல்லிய குரலில் வந்தது. நான் இந்தப் பகுதியின் பொறுப்பாளர். நான் அன்று காலை ஷிப்டில் இருந்தேன். அதுவரைக்கும் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. நன்றாகவே செய்தாள். பல்லி சார் கொஞ்ச நாளில் பாதி ஆளாகியிருந்தார். சவரம் செய்யவில்லை. கேட்டதற்கெல்லாம் 'சும்னிதா', 'சும்னிதா' என்ற மரியாதை வாலோடு, இலக்கணம் பிசகாமல், மேடையில் பேசுகிறவர் மாதிரி பதில் சொன்னார்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அந்தப் பின்கதவு சுவிட்சைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

முதல்மார்க் அதைக் கொரிய மொழியில் கேட்டாள். மேனேஜர் பல்லி சாரைப் பார்த்தார். பல்லி சார் மேனேஜரைப் பார்க்கவில்லை. தூங்குமூஞ்சியின் மனைவியைப் பார்த்தார். அப்புறம் தன்னுடைய கைகளைப் பார்த்தார். பேச ஆரம்பித்தபோது மேடைப் பேச்சு போய்விட்டிருந்தது. வீட்டில் பேசுகிற குரல் அது. கதவு சுவிட்ச் பழுதானது, அல்கோ இஸ்ஸொன்னுந்தே...

தெரிஞ்சுதான் இருந்துச்சு, ஆனா...

அங்கே நின்றார். உதடு துடித்தது. சொல்லிவிட்டார், பாதியை வெளியே போட்டுவிட்டார், மீதியை அவரால் உள்ளே வைத்திருக்க முடியாது. இன்னும் ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் இருந்தால் போதும். அந்த அறையில் அத்தனை பேரும் சும்மா இருந்தால் போதும்.

முதல்மார்க் மூச்சை இழுத்தாள். "கதவு சுவிட்ச் பழுதாகியிருந்தது எனக்குத் தெரியும். ஆனால், சரி செய்கிற வரைக்கும் மெஷினை ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன்."

முன்பாதியைக் கேட்டு வெளுத்துப்போன மேனேஜரின் முகத்தில் பின்பாதி வந்ததும் ரத்தம் திரும்பியது. தூங்குமூஞ்சியின் மனைவி தலையைத் திருப்பி என் அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் யாருக்கும் விளக்க மாட்டேன்.

முதல்மார்க்கைக் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள் என்று அப்புறம் பலரும் சொன்னார்கள். அப்படி இருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும், அவளைக் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். அது இல்லை. எனக்கு அவள் முகம் தெரியும். கேன்டீனில் டீச்சரின் விரலை முந்திக்கொண்டு பதில் சொல்லும்போது இருக்கிற அதே முகம். வால் ஒட்டிய வாக்கியம் தொங்கியது, அவள் முடித்துக் கொடுத்தாள். அவளுடைய வாக்கியங்களில் மேலதிகாரிகள் எப்போதும் எச்சரித்துத்தான் பழக்கம். தான் செய்தது அவளுக்கே தெரியாது.

நான் எழுந்து நின்றேன். "சார், அவர் அப்படிச் சொல்லல. அவர் இன்னும் முடிக்கவே இல்ல. ஆனா-ன்னு நிறுத்தியிருக்காரு."

"நீங்க யாரும்மா?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "ஆபரேட்டரோட தங்கச்சி சார். இந்த மொழிபெயர்ப்பு வேலைக்குப் போட்டி போட்டு, கெடைக்கல. அந்தக் கோவம்."

முதல்மார்க்குக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சரியாத்தான் சொன்னேன்" என்றாள். நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள்.

அதிகாரி நல்ல மனிதர். அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு கையையும் காட்டி எல்லாரையும் அடக்கிவிட்டு என்னிடம், "உங்களுக்கு அவங்க பாஷை தெரியுமா? சரி. அப்ப நீங்களே கேளுங்க. மெஷினை ஓட்ட வேண்டாம்னு சொன்னதா இவங்க சொல்றாங்க. அது சரியான்னு கேளுங்க. அவர் வாயாலயே சொல்லட்டும்" என்றார்.

பல்லி சாருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேரில் அந்த அறையில் என்ன சொல்லப்பட்டது என்பது அந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியாது. எங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில், அந்த ஆனாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் அவர் பக்கம் திரும்பி ஆரம்பித்தேன். சரி செய்கிற வரைக்கும் மெஷினை ஓட்ட வேண்டாம் என்று... அந்த இடத்தில் அவர் கண் நிமிர்ந்தது. எதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவில் நிறுத்தியிருக்கலாம். வினைச்சொல் கடைசியில் வருகிற மொழி, அது வருகிற வரைக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை. நிறுத்திவிட்டு, 'ஆனா, என்ன?' என்று மட்டும் கேட்டிருக்கலாம். ஆனால் நானும் அதே கேன்டீனில் படித்தவள்தானே. ஓட்ட வேண்டாம் என்று தாங்கள் சொல்லியிருந்தீர்களா என்று, வால்மேல் வால் ஒட்டி, மரியாதை குறையாமல், ஒரு பிசகில்லாமல் முடித்தேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிக நல்ல கொரிய வாக்கியம் அது.

பல்லி சார் என்னைப் பார்த்தார். அப்புறம் முதல்மார்க்கை. அப்புறம் மேனேஜரை. யாரோ திறந்து வைத்த வழியை அவர் பார்த்துவிட்டார். அவருக்கும் ஊரில் குடும்பம் இருக்கும், பிள்ளைகள் இருக்கும். இருக்கட்டும். நாசமாய்ப் போகட்டும்.

முதுகை நிமிர்த்திக்கொண்டார். "நே" என்றார். ஆமாம். "குரொசும்னிதா." அப்படித்தான். என்னிடம் 'ஹெ' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாத மனிதர், அன்று முழு மரியாதை வாலோடு எனக்குப் பதில் சொன்னார்.

"ஆமான்னுதானே சொல்றாரு?" என்றார் அதிகாரி.

'நே' என்பதற்கு அர்த்தம் அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். நான் ஆமாம் என்றேன். பொய் சொல்றாரு சார் என்றும் சொன்னேன். கத்தினேன். கேள்வியைக் கேட்டதும் நான்தான், பதிலைச் சொன்னதும் நான்தான். அதற்குமேல் என் கத்தலுக்கு என்ன மதிப்பு? அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "உட்காருங்கம்மா" என்றார்.

மாடிப்படியில் இறங்கும்போது அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஓட்ட வேண்டாம்னு சொல்லியிருக்காரு பாப்பா."

"சொல்லலண்ணே. அது பொய். அந்தப் பொண்ணு அவளா முடிச்சா. நான் அதைக் கேட்டதும் இவரு கப்புனு புடிச்சுக்கிட்டாரு. உங்ககிட்ட அவரு அப்படிச் சொல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

"ஃப்ளோர்ல எவ்வளவு சத்தம்" என்றார் அவர். "அவங்க பாஷையில சொல்லியிருப்பாரு. எனக்கு என்ன புரியும்? பல்லி ஒண்ணுதான் புரியும். சொன்னதை நான்தான் கவனிக்காம விட்டிருக்கேன்."

"அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க."

அவர் முகத்தில் கோபமே இல்லை. அந்தக் கேள்வி அவரை விட்டுப் போயிருந்தது. பதில் கிடைத்துவிட்டது அவருக்கு. என் தோளில் கை வைத்தார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் யாரையாவது தொட்டது அதுதான் முதல் தடவை.

"நீயே கேட்டியே பாப்பா. நீ கேட்டு, அவரு ஆமான்னு சொன்னாரு. உனக்குத் தப்பா புரியாது."